பழைய பாட்டை ராக் ஸ்டைலில் பாடி யூடியூபில் போடலாமா? கவர் பாடல்களுக்குச் சட்டம் சொல்வது என்ன?

ஆவணி மாதம் பிறந்தாலே பிள்ளையார்பட்டி களைகட்டிவிடும். கற்பக விநாயகர் கோயிலில் சதுர்த்திப் பெருவிழா 10 நாட்கள் நடக்கும். அதே நேரத்தில் காரைக்குடி, திருப்பத்தூர், இடையில் இருக்கும் கிராமங்கள் என எங்கே பார்த்தாலும் பந்தல், சீரியல் லைட், மைக் செட். காலையில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல்கள், ராத்திரி ஏதாவது ஒரு தெருவில் ஆர்கெஸ்ட்ரா.

இப்படி ஒரு மேடையில், உள்ளூர்க் கல்லூரிப் பசங்க நாலு பேர் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எலெக்ட்ரிக் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ், ஒரு பாடகர். எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு 1980-கள் சினிமாப் பாட்டை எடுத்து, தாளத்தை மாற்றி, கிட்டாரை அலறவிட்டு, முழு ராக் பாட்டாக வாசிக்கிறார்கள். கூட்டம் விசில் அடிக்கிறது. பெரிசுகள் சிலர் "நல்ல பாட்டைக் கெடுத்துட்டானுங்க" என்று முணுமுணுக்கிறார்கள். மறுநாள் அந்த வீடியோ யூடியூபில் ஏறுகிறது. கொஞ்ச நேரத்திலேயே ஒரு மெயில் வருகிறது: இந்த வீடியோவுக்கு காப்புரிமை கோரப்பட்டுள்ளது.

மேடையில் பாடியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. போனில் ஏற்றியதும் மட்டும் ஏன் பிரச்னை? அந்த வீடியோவில் வரும் விளம்பரக் காசு யாருக்குப் போகும்? சேனலே போய்விடுமா? கவர் பாடல் பாடும் ஆயிரக்கணக்கான பசங்களுக்கும், அதைத் தேடித் தேடிக் கேட்டு நண்பர்களுக்கு அனுப்பும் ரசிகர்களுக்கும் இருக்கும் கேள்விகள் இவை.

கவர் பாடல் என்றால் என்ன?

ஏற்கெனவே ஒருவர் பாடி வெளியான பாட்டை, இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியங்களோடு புதிதாகப் பாடிப் பதிவு செய்வதுதான் கவர். இதில் "புதிதாக" என்பதுதான் முக்கியம். ஒரிஜினல் பதிவிலிருந்து ஒரு துண்டைக்கூட வெட்டி ஒட்டக் கூடாது.

வெட்டி ஒட்டினால் அதற்குப் பெயர் சாம்ப்ளிங். அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 2003-ல், 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்தில் வந்த இளையராஜா பாட்டின் ஒரு பகுதியைத் தன் ஆல்பத்தில் எடுத்துப் போட்டது. லண்டன் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ., 2007-ல் 'தளபதி' படத்துப் பாட்டை அப்படிப் பயன்படுத்தினார். இவை கவர் அல்ல. பழைய பதிவின் மேலேயே பீட் ஏற்றினால் அது ரீமிக்ஸ். அதுவும் வேறு கணக்கு.

நம் ஊருக்கு இந்தச் சங்கதி புதிதில்லை. கர்நாடக சங்கீதக் கச்சேரி முழுக்கவே ஒரு வகையில் கவர்தான். தியாகராஜர் கீர்த்தனையை நூறு வித்வான்கள் நூறு விதமாகப் பாடுகிறார்கள். யாரும் அதை 'கவர்' என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவும் அப்படியே. டி.எம்.சௌந்தரராஜன் குரலில் ஒருவர், எல்.ஆர்.ஈஸ்வரி குரலில் ஒருவர் என்று ஊர் ஊராகப் பாடியவர்களும் கவர் பாடகர்களே. ஆனால் ஆர்கெஸ்ட்ராவில் மதிப்பு, அச்சு அசல் அப்படியே பாடுபவருக்கு. ராக் உலகத்தில் கதை தலைகீழ்.

மாற்றிப் பாடினால்தான் மவுசு

ராக் ரசிகர்கள் ஒரு கவரை எடைபோடுவது, அது எவ்வளவு வேறாக இருக்கிறது என்பதை வைத்துத்தான். இதற்கு அவர்கள் அடிக்கடி எடுக்கும் உதாரணம் 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்'. பாப் டிலன் 1967-ல் கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக அமைதியாகப் பாடிய பாட்டு. அடுத்த ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அதை எடுத்து எலெக்ட்ரிக் கிட்டாரில் புயலாக மாற்றினார். பிறகு மேடைகளில் டிலனே தன் பாட்டை ஹென்ட்ரிக்ஸ் பாணிக்கு நெருக்கமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எழுதியவரையே மாற்றிய கவர் இது.

இன்னொன்று 'ஹர்ட்'. நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் ட்ரெண்ட் ரெஸ்னர் எழுதி 1994-ல் வந்த பாட்டு. இளைஞன் ஒருவனின் வலி. 2002-ல் 70 வயது ஜானி கேஷ், உடம்பு தளர்ந்த நிலையில் அதைப் பாடினார். ஒரு வார்த்தையைத் தவிர வரிகள் அதேதான். ஆனால் கேட்பவருக்கு அது ஒரு கிழவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் பாட்டாக மாறிவிட்டது. அடுத்த ஆண்டு கேஷ் இறந்தார். வீடியோவைப் பார்த்த பிறகு, அந்தப் பாட்டு இனி தன்னுடையது இல்லை என்கிற அர்த்தத்தில் ரெஸ்னரே பேசியிருக்கிறார்.

பீட்டில்ஸ் பாட்டை ஜோ காக்கர் பாடியது, லெனர்ட் கோஹனின் 'அல்லேலூயா'வை ஜெஃப் பக்லி பாடியது, டேவிட் போவி பாட்டை நிர்வாணா குழு பாடியது என்று இந்தப் பட்டியல் நீளும். ரசிகர்களுக்குள் ஓயாமல் நடக்கும் சண்டை ஒன்றே ஒன்றுதான்: ஒரிஜினலா, கவரா, எது பெஸ்ட்? பலருக்கும் கவர்தான் முதலில் அறிமுகமாகும். பிறகு ஒரிஜினலைத் தேடிப் போவார்கள். அந்தத் தேடலில்தான் ஒரு பழைய பாடகருக்குப் புது ரசிகர் கிடைக்கிறார்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப் 1960-களின் கடைசியில் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில், சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுகளைப் பாடியே பெயர் வாங்கினார். அவரது முதல் இசைத்தட்டே கவர்தான். ஹேங்க் வில்லியம்ஸின் 'ஜம்பலாயா'வை அவர் 1968-ல் பதிவு செய்தார். சென்னை ஐஐடியின் கலைவிழா, 1974-ல் 'மார்டி கிரா' என்ற பெயரில் தொடங்கிய காலம் முதல் இன்றைய 'சாரங்' வரை, கல்லூரி ராக் குழுக்களுக்குப் பெரிய மேடை.

இப்போது ஆறு திரும்பி ஓடுகிறது. வெளிநாட்டு ராக் பாட்டை நாம் பாடியது போய், நம் பாட்டை ராக் ஆக்குவது நடக்கிறது. பெங்களூரின் 'அகம்' குழு தியாகராஜர் கீர்த்தனைகளை ராக் இசையில் வாசிக்கிறது. கொச்சியின் 'தைக்குடம் பிரிட்ஜ்' 2013-ல் பழைய திரைப்பாடல்களைக் கோத்து வாசித்த 'நாஸ்டால்ஜியா' மூலமாகத்தான் தென்னிந்தியா முழுக்கத் தெரிய வந்தது. செட்டிநாட்டு ஊர்களில் பசங்க கையில் கிட்டார் எடுப்பதற்குப் பின்னால் இந்த வீடியோக்கள் உண்டு. பாறையைக் குடைந்து கட்டிய கோயில் இருக்கும் ஊரில் ராக் மியூசிக் என்று சிலேடை பேசுபவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது?

ஒரு பாட்டுக்கு எத்தனை ஓனர்?

குறைந்தது மூன்று. வரிகள் ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொரு படைப்பு. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957 இவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகவே பார்க்கிறது. இதுபோக, பாடகருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நிகழ்த்துவோர் உரிமை என்று ஒன்று தனியாக இருக்கிறது.

பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்து ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த ஒரு பாட்டு. வரிகளுக்கும் மெட்டுக்கும் காப்புரிமை, படைத்தவரின் ஆயுட்காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். கண்ணதாசன் மறைந்தது 1981. எனவே அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு. எம்.எஸ்.வி மறைந்தது 2015. மெட்டுக்கு 2075 முடியும் வரை. ஒலிப்பதிவுக்கு மட்டும் கணக்கு வேறு: வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். அதாவது 1960-ல் வந்த இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020-ஓடு முடிந்துவிட்டது. ஆனால் அதே பாட்டின் வரியும் மெட்டும் இன்னும் பல ஆண்டுகளுக்கு ஒருவர் கையில்தான் இருக்கும்.

அந்த 'ஒருவர்' யார் என்பதுதான் குழப்பம். சினிமாப் பாட்டில் பெரும்பாலும் உரிமை தயாரிப்பாளருக்குப் போய், அவரிடமிருந்து ஆடியோ கம்பெனிக்குப் போயிருக்கும். சில பாடல்களுக்கு இசையமைப்பாளரே உரிமை கோருகிறார். 2012-ல் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையை விற்றுவிட்டாலும் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு கிடைக்க வேண்டும், அதை அவர்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று சேர்த்தார்கள்.

கவர் பாடும்போது ஒலிப்பதிவைத் தொடுவதில்லை. வரியையும் மெட்டையும் மட்டும் தொடுகிறோம். "நான்தானே பாடினேன், என் குரல்தானே" என்ற வாதம் நிற்காமல் போவது இதனால்தான். ஆங்கில ராக் பாட்டுக்கும் இதே விதிதான். சர்வதேச ஒப்பந்தங்கள் மூலம் வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் இந்தியச் சட்டம் பாதுகாப்பு தருகிறது.

மேடையில் பாடினால் ஏன் யாரும் கேட்பதில்லை?

சில சமயம் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. பிரிவு 52-ல் விதிவிலக்குகள் இருக்கின்றன. தொழில்முறை அல்லாத அமெச்சூர் குழு, டிக்கெட் வாங்காத கூட்டத்துக்கு முன்னால் பாடினால் அது மீறல் ஆகாது. ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காகப் பாடினாலும் ஆகாது. கல்லூரி நடவடிக்கையின் பகுதியாக மாணவர்களும் ஆசிரியர்களும் மேடையில் பாடுவதற்கும் தனி விலக்கு உண்டு. உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதற்கும் உண்டு. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் இதில் சேர்த்தி என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஆனாலும் கல்யாண மண்டபங்களில் ராயல்டி கேட்கிறார்கள் என்ற புகார்கள் வந்ததால், 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் துறை இதை மறுபடி தெளிவுபடுத்தி அறிவிப்பு வெளியிட்டது.

ஆக, நம் நாலு பசங்களும் காசு வாங்காமல், இலவசமாக வந்த கூட்டத்துக்கு முன்னால் பாடியிருந்தால் மேடை வரைக்கும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சம்பளம் வாங்கிப் பாடும் ஆர்கெஸ்ட்ராவுக்கு இந்த அமெச்சூர் விலக்கு பொருந்தாது. கோயில் விழா நடக்கிறது என்பதற்காக அந்தத் தெருவில் நடக்கும் எல்லாமே மதச் சடங்கு ஆகிவிடும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. ஓட்டல், பப், டிக்கெட் வைத்த கச்சேரி என்றால் உரிமம் வாங்கியே ஆக வேண்டும். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் 1969 முதல் இயங்கும் ஐபிஆர்எஸ் அமைப்பு இந்த உரிமங்களைத் தருகிறது. இந்தப் பொறுப்பு பொதுவாக நிகழ்ச்சி ஏற்பாட்டாளருடையது. யார் வாங்குவது என்று முன்பணம் வாங்கும்போதே பேசி வைத்துக்கொள்வது பசங்களுக்கு நல்லது.

மேற்சொன்ன விலக்குகள் எல்லாமே மேடையில் நிகழ்த்துவதற்கு. அதை வீடியோ எடுத்து, உலகமே பார்க்கும்படி ஏற்றுவது சட்டத்தின் பார்வையில் வேறொரு செயல். மேடையில் சும்மா இருந்தவர்கள் மறுநாள் மெயில் அனுப்பக் காரணம் இதுதான்.

பதிவு செய்ய ஒரு வாசல் இருக்கிறது. ஆனால்...

கவர் பாடலுக்கென்றே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 31சி. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் கவர் பதிவு செய்யலாம் என்கிறது அது. பசங்களுக்குக் கிடைத்த வரம் மாதிரி தெரியும். நிபந்தனைகளைப் படித்தால் அந்த உற்சாகம் போய்விடும்.

முதலில் காலம். பாட்டின் முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து, முழுதாக 5 காலண்டர் ஆண்டுகள் போக வேண்டும். 2024-ல் பதிவான பாட்டுக்கு 2030 ஜனவரியில்தான் இந்த வாசல் திறக்கும். திருத்தத்துக்கு முன்பு இது 2 ஆண்டாக இருந்தது. அடுத்து, உரிமையாளருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும், ராயல்டியையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி. மொழியின் வீச்சைப் பார்த்து இதைக் குறைக்க இடம் உண்டு என்றாலும், அதற்கென்று ஒருவர் அலைய வேண்டும். அட்டையில் பழைய பாடகரின் பெயரோ படமோ போடக் கூடாது. இது கவர் பதிவு என்று தெளிவாக அச்சிட வேண்டும். கேசட், சிடி காலத்துக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. போனை ஸ்டாண்டில் மாட்டிப் பாடும் ஒருவருக்கு இது நடைமுறையில் எட்டாத உயரம். அதோடு இந்தப் பிரிவு ஒலிப்பதிவுக்கு மட்டும்தான். வீடியோவுக்கு அல்ல.

இதையெல்லாம்விட முக்கியமான நிபந்தனை இன்னொன்று. பதிவு செய்யத் தொழில்நுட்பரீதியாகத் தேவைப்பட்டால் ஒழிய, உரிமையாளர் ஏற்கெனவே அனுமதிக்காத எந்த மாற்றத்தையும் பாட்டில் செய்யக் கூடாது. இசைப் படைப்பை வேறு விதமாக 'அரேஞ்ச்' செய்வதே தழுவல்தான் என்று சட்டத்தின் வரையறை சொல்கிறது. தழுவும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமே.

ராக் ரசிகர்கள் கொண்டாடும் கவருக்கும் சட்டம் அனுமதிக்கும் கவருக்கும் இங்கேதான் இடைவெளி விழுகிறது. ஆர்கெஸ்ட்ராக்காரர் போல அச்சு அசலாகப் பாடினால் 31சி பக்கம் நெருங்கலாம். ஹென்ட்ரிக்ஸ் போல உருமாற்றினால் விலகிப் போகிறோம். கலைக்கு எது உயிரோ அதுவே சட்டத்துக்கு உறுத்தல். அமெரிக்கச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். அங்கேயும் கட்டாய உரிமம் உண்டு. பாடுபவரின் பாணிக்கு ஏற்ப இசையமைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அடிப்படை மெட்டையும் பாட்டின் ஆதாரத் தன்மையையும் மாற்றக் கூடாது என்று கோடு போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த அளவுக்குத் தெளிவான கோடு இல்லை.

எஸ்.பி.பி-க்கே நோட்டீஸ் வந்த கதை

2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் தன் 50 ஆண்டு இசைப் பயணத்தைக் கொண்டாட அமெரிக்காவில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தார். அனுமதி இல்லாமல் தன் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அவருக்கும் சித்ராவுக்கும் சரணுக்கும் வக்கீல் நோட்டீஸ் போனது. எஸ்.பி.பி அதை ஃபேஸ்புக்கில் சொல்லி, இனி மற்ற இசையமைப்பாளர்களின் பாடல்களைப் பாடுவேன் என்றார். தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. "அவர் பாடிய பாட்டை அவரே பாட அனுமதியா?" என்று ஒரு பக்கம். "டிக்கெட் விற்றுக் காசு பார்க்கும் மேடையில் இசையமைத்தவருக்குப் பங்கு வேண்டாமா?" என்று இன்னொரு பக்கம்.

சட்டக் கண்ணோடு பார்த்தால் பதில் கசப்பானது. ஸ்டூடியோவில் பாடியவர் என்பதால் வரிக்கும் மெட்டுக்கும் அவர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இன்னொரு மேடையில் அதே பாட்டைப் பாடும்போது அவரும் மற்ற எல்லோரையும் போல ஒரு பாடகர்தான். பிறகு இருவரும் சமாதானமாகி, 2019-ல் இளையராஜாவின் மேடையிலேயே எஸ்.பி.பி பாடினார்.

2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாட்டு ஒலித்ததற்கு இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கவர் அல்ல. பழைய பாட்டைப் புதுப் படத்தில் பயன்படுத்தியது பற்றிய தகராறு.

காரைக்குடிக்காரர் கையில் பாரதியார் பாட்டு

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. காரைக்குடி ஏ.வி.மெய்யப்ப செட்டியார் சினிமாவுக்கு வருவதற்கு முன்பு இசைத்தட்டு வியாபாரி. 1932-ல் மெட்ராஸில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கி இசைத்தட்டுகள் வெளியிட்டவர். சுப்பிரமணிய பாரதியார் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பயன்படுத்தும் உரிமை அப்போது ஒரு பம்பாய் வணிகரிடம் இருந்தது. அதை ஏவிஎம் விலைக்கு வாங்கினார். காரைக்குடியில் கொட்டகை போட்டு நடத்திய ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன.

பிறகு டி.கே.எஸ் சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது, உரிமை தன்னிடம் இருக்கிறது என்று ஏவிஎம் வழக்குக்குப் போனார். "தேசியக் கவியின் பாட்டு ஒரு தனி மனிதருக்குச் சொந்தமா?" என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. ஏவிஎம் தன் கையில் இருந்ததைப் பணம் வாங்காமல் விட்டுக் கொடுத்தார். இன்று பாரதி வரிகளை எந்த ராக் குழு எடுத்துப் பாடினாலும் நோட்டீஸ் வராது என்றால் அதன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பாரதியின் வரிகள்தான் பொதுச் சொத்து. அந்த வரிகளுக்கு ஒரு சினிமா இசையமைப்பாளர் போட்ட மெட்டு அப்படி அல்ல. விநாயகர் அகவலுக்கும் இதே கணக்கு. ஔவையார் பாட்டு எல்லோருக்கும் பொது. சொந்த மெட்டில், டிரம்ஸ் வைத்து ஹெவி மெட்டலாகக்கூடப் பாடலாம் (கோயிலில் அனுமதிப்பார்களா என்பது வேறு விஷயம்). ஆனால் யாரோ ஒருவர் கேசட்டில் பாடிய மெட்டை அப்படியே எடுத்தால் அந்த மெட்டுக்கு உரியவர் கேட்கலாம்.

யூடியூபில் நடப்பது என்ன?

யூடியூபில் 2007 முதல் 'கன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி முறை இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் பாடல்களை அதில் கொடுத்து வைத்திருக்கும். யார் எதை ஏற்றினாலும் இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரிஜினல் பதிவு மட்டுமல்ல, மெட்டையும் அது கண்டுபிடிக்கும். அதனால்தான் சொந்தக் குரலில் பாடினாலும் மாட்டுகிறது.

இங்கே கிளெய்ம் வேறு, ஸ்டிரைக் வேறு. கிளெய்ம் வந்தால் பெரும்பாலும் வீடியோ அப்படியே இருக்கும். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் சில நாடுகளில் வீடியோ தெரியாது. சேனலுக்கு ஆபத்து இல்லை. நிறைய கவர் பாடல்கள் யூடியூபில் பிழைத்திருப்பது இப்படித்தான்: பாடியவருக்குப் பெயர், உரிமையாளருக்குக் காசு. தகுதியுள்ள சேனல்களின் சில கவர் பாடல்களுக்கு, உரிமையாளர் ஒப்புக்கொண்டிருந்தால் வருமானத்தில் பங்கும் கிடைக்கும்.

ஸ்டிரைக் அப்படி இல்லை. உரிமையாளர் முறைப்படி புகார் கொடுத்து வீடியோவை நீக்கச் சொல்வது அது. 90 நாட்களுக்குள் 3 ஸ்டிரைக் விழுந்தால் சேனலையே மூடிவிடுவார்கள். நாலைந்து வருடம் உழைத்துச் சேர்த்த ரசிகர்கள் ஒரே நாளில் போய்விடுவார்கள். மெயில் வந்ததும் பதறி அடித்து மறுப்பு அனுப்புவதற்கு முன், வந்திருப்பது கிளெய்மா ஸ்டிரைக்கா என்று பார்க்க வேண்டும். உரிமை உண்மையிலேயே அவர்களுடையது என்றால், எதிர் நோட்டீஸ் கொடுப்பது சண்டையை நீதிமன்றம் வரை இழுக்கும். "காப்புரிமை மீறும் எண்ணம் இல்லை" என்று கீழே எழுதிப் போடுவதால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இசையமைப்பாளர் பெயரைப் போடுவது மரியாதை. அது அனுமதி ஆகாது.

இன்னொரு இடத்திலும் பசங்க சறுக்குகிறார்கள். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை என்று இணையத்தில் கிடைக்கும் கரோக்கி டிராக்கை எடுத்துப் போட்டுப் பாடுவார்கள். அந்த டிராக் யாரோ ஒருவரின் ஒலிப்பதிவு. வரி, மெட்டு போக மூன்றாவதாக ஒரு ஓனரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். ஸ்கிரீனில் பாட்டு வரிகளை ஓடவிடுவதற்கும் வரிகளின் உரிமையாளர் கேட்கலாம். அரசியல், விளம்பரத்துக்காக வரிகளை மாற்றிப் பாடுவது இன்னும் ஆபத்து. படைப்பைச் சிதைத்துத் தன் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல பிரிவு 57 படைத்தவருக்குத் தனி உரிமை கொடுக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அது அவரிடமே இருக்கும். தெரிந்தே காப்புரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

அனுமதி கேட்க வேண்டுமென்றால் யாரிடம் போவது? சினிமாப் பாட்டு என்றால் முதலில் ஆடியோ கம்பெனி. யூடியூபில் ஒரிஜினல் பாட்டுக்குக் கீழே அந்தப் பெயர் இருக்கும். வீடியோவோடு சேர்த்துப் போடப் போகிறோம், தாளத்தை மாற்றுகிறோம் என்று மெயிலில் வெளிப்படையாகச் சொல்லிக் கேட்பது நல்லது. பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் "போட்டுக்கோங்க தம்பி" என்றது நாளைக்கு உதவாது.

அனுமதி வாங்கிப் பதிவு செய்த கவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் புதிய ஒலிப்பதிவு, அதைத் தயாரித்த குழுவுக்குச் சொந்தம். பாடியவருக்கும் கிட்டார் வாசித்தவருக்கும் 50 ஆண்டுகளுக்கு நிகழ்த்துவோர் உரிமை உண்டு. வேறு ஒரு சேனல் அந்த வீடியோவை இறக்கித் தன் பெயரில் போட்டால், பிள்ளையார்பட்டிப் பசங்களும் யூடியூபில் புகார் கொடுக்கலாம். எழுதிய வரிக்கும் போட்ட மெட்டுக்கும் அல்ல, தாங்கள் வாசித்த வாசிப்புக்கு.